சட்டப்படி ஒரு சுவர்

பிளாட்டின் உள்ளமைப்பை மாற்ற விரும்புகிறவர் கட்டட உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெற வேண்டும். அந்தச் சம்மதம் நியாயமின்றி மறுக்கப்படவோ தாமதிக்கப்படவோ கூடாது. தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற இடத்தில் நாங்கள் வாங்க நினைத்த பழைய பிளாட்டின் லீஸ் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. லண்டனில் பிளாட் வாங்குகிறவர் பெரும்பாலும் வாங்குவது ஒரு நீண்டகாலக் குத்தகையை மட்டுமே. கட்டடமும் நிலமும் வேறொருவருடையவை. எங்கள் விடயத்தில் அந்த வேறொருவருக்கு ஒரு கம்பனிப் பெயரும் ஒரு தபால்பெட்டி இலக்கமும் இருந்தன. முகம் இருந்ததாகத் தெரியவில்லை. நியாயமற்ற தாமதம் என்றால் எத்தனை நாள் என்று பத்திரம் சொல்லவில்லை. ஒரு உள்ளூராட்சிக் கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, அந்த நாள் கடந்துபோன பிறகுதான் அது எந்த நாள் என்பது தெரியவரும்.

பக்கத்து மோர்டனில் அப்போது நாங்கள் இருந்த வீட்டில் சமைக்கிற குசினி கீழே, குளியலறை மேலே, நடுவில் பதினான்கு படிகள். மனைவியின் இரண்டு முழங்கால்களும் அந்தப் படிகளோடு கோபித்துக்கொண்டு சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் ஏறுவது என்று அவர் தனக்கு ஒரு விதி வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியை மேலே மறந்துவிட்டு இறங்கினால் அன்றைக்குப் பத்திரிகை இல்லை. நான் எடுத்துவந்து தருகிறேன் என்றாலும் விடமாட்டார். அதனால்தான் இந்த வயதில், தரைத்தளத்தில், எங்களைவிட வயதான ஒரு பிளாட்டைத் தேடினோம்.

கிடைத்தது போருக்கு முந்திய செங்கல் கட்டடம். ஒரு பக்கம் பொரித்த கோழிக் கடை, மறுபக்கம் எங்கள் தமிழ் ஆட்களின் பலசரக்குக் கடை, நேரே முன்னால் பஸ் தரிப்பு. ஒவ்வொரு பஸ்ஸும் நின்று புறப்படும்போது யன்னல் கண்ணாடிகள் ஒரு தடவை நடுங்கின. நான் ஈரம், விரிசல், பழைய குழாய் என்று கொப்பியில் குறித்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். மனைவி ஒன்றையும் பார்க்கவில்லை. முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் சுவர் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார்.

"இஞ்சாருங்கோ, இதிலை இருந்தே பஸ் வாறது தெரியுது."

வீடு பார்க்கும் வேலை அதோடு முடிந்தது. மோர்டன் குசினியிலிருந்து தெரிந்தது ஒரு மரவேலி மட்டும். அதை அவர் இருபத்தாறு வருடம் பார்த்திருந்தார்.

விற்கிறவரும் எங்கள் ஆள்தான். ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், பதினெட்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்; குசினி அலுமாரிகள் பொருத்துவது தொழில். இரண்டு தரிப்பு தள்ளி ஒரு வீடு வாங்கிக்கொண்டிருந்தார், அந்த வீட்டுக்காரர் அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் முறைகள் மீது அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

"ஒல்லாந்திலை எண்டால் அண்ணை, ஒரு நொத்தாரிசு, ஒரு மேசை, எல்லாரும் ஒரே நாளிலை கையெழுத்து. வாங்கிற ஆளுக்கு மனம் மாற மூண்டு நாள் குடுப்பினம். இஞ்சை மூண்டு மாசமும் மனம் மாறிக்கொண்டிருக்கலாம்."

நான் லீஸ் வரைபடத்தை வரவழைத்து, அளவு நாடாவோடு திரும்பவும் போனேன். வரைபடத்தில் முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. வீட்டில் இல்லை. பாரம் தாங்கும் சுவர் இல்லையென்றும், தானே ஒரு சனிக்கிழமை கழற்றியதாகவும் விற்கிறவர் சொன்னார். சம்மதம் வாங்கினாரா என்று கேட்டேன். ஆரிட்டையும் கேக்கேல்லை, ஆர் வந்து பாக்கப்போறான் என்றார். இந்த வசனத்தை நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தவன் நான்தான்.

அன்றைக்கே உரிமையாளருக்கு எழுதினேன். இரண்டு பக்கம், இலக்கமிட்ட ஏழு பந்திகள், வரைபடத்தின் பிரதி. நடந்துவிட்ட மாற்றத்துக்குப் முன்திகதியிட்ட சம்மதம் தரும்படி பணிவாகக் கேட்டிருந்தேன். பதிவுத் தபால். நல்ல கடிதம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்று நாள் கழித்து, வீடு வாங்கும் பத்திர வேலைகளைப் பார்த்த எங்கள் சொலிசிட்டர் தொலைபேசியில் வந்தார். இங்கே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. அந்தச் சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். இப்படியான குறைகளுக்கென்றே ஒரு காப்புறுதி உண்டு. பிற்காலத்தில் உரிமையாளர் பிரச்சினை கிளப்பினால் காப்புறுதிக் கம்பனி பார்த்துக்கொள்ளும். நிபந்தனை ஒன்றுதான்: விடயத்தை உரிமையாளரிடம் யாரும் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நிபந்தனையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"அங்கிள், கடிதம் எழுதினனீங்களோ?"

"ஓம்."

"ரெஜிஸ்டர் தபாலோ?"

"ஓம்."

"அங்கிள், அவைக்குத் தெரியாது எண்டதுதான் எங்களிட்டை இருந்த ஒரே பலம்."

இனி உரிமையாளரின் சம்மதம் வரும்வரை தான் வாங்க விடமாட்டேன் என்றார். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

மனைவியிடம் படியடியில் வைத்துச் சொன்னேன். திட்டவில்லை.

"நீங்கள் எழுதாட்டி வீடு கிடைச்சிருக்குமோ?"

"ஓம்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். அன்றைக்கு அது மூன்றாவது தடவை.

கடிதம் கிடைத்ததாக ஒரு பதில் வந்தது, ஒரு நீண்ட இலக்கத்தோடு. இருபத்தெட்டாம் நாள் நினைவூட்டல் அனுப்பினேன். கடிதங்கள் வந்த ஒழுங்கில் கவனிக்கப்படுகின்றன என்றார்கள். இரண்டாவது நினைவூட்டலுக்கும் அதே வசனம் வந்தது. வேலையில் இருந்தபோது அப்படியான வசனங்களை எழுதிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதன் தரத்தை மறுபக்கத்தில் நின்று இப்போதுதான் அனுபவித்தேன். தொலைபேசியில் கூப்பிட்டால் வயலின் வாசித்தார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு பார்த்த வீடு, சித்திரையும் வந்துவிட்டது.

வருடப்பிறப்புக்கு அடுத்த வாரம் விற்கிறவர் மோர்டனுக்கு நேரிலேயே வந்தார். இன்னும் ஒரு மாதத்தில் முடியாவிட்டால் தான் வாங்கவிருக்கும் வீடும் கைவிட்டுப் போய்விடும், வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்றார். பிறகு தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, அவைக்கு என்ன பிரச்சினை? சுவர் இல்லாததுதானே? கட்டித் தாறன்."

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். மாற்றம் செய்யத்தான் சம்மதம் வேண்டும். வரைபடத்தில் உள்ளபடி திருப்பி வைப்பது மாற்றம் ஆகாது, அது மீறலைத் திருத்துவது. என் சொந்த வாயாலேயே அதைச் சொன்னேன். சொலிசிட்டர் முதலில் சிரித்தார், பிறகு சம்மதித்தார். மனைவி ஒன்றைத்தான் கேட்டார்.

"தம்பி, கட்டினால் குசினிக்கு வெளிச்சம் வருமோ?"

"வராது அக்கா."

விற்கிறவரை வழியனுப்ப மனைவி வாசல்வரை போனார். வாசலுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் அங்கே கதை நடந்தது.

இரண்டு நாளில் சுவர் எழும்பியது. வெள்ளைப் பூச்சு, நேரான விளிம்பு, வரைபடத்தின் கோட்டில் ஒரு விரல் பிசகாமல். வைகாசியில் சாவி கைக்கு வந்தது. நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். பால் பொங்கியதை நான் பார்க்கவில்லை. முன்னறையில் இருந்தபடி சுவருக்கு அப்பாலிருந்து வந்த செய்தியாகக் கேட்டேன்.

படிகள் இல்லாத வீடு. அந்த அளவில் வெற்றிதான். ஆனால் குசினியில் மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. அதன் சின்ன யன்னலில் பக்கத்துக் கோழிக் கடையின் குப்பைத்தொட்டிகள் தெரிந்தன. மனைவி முறைப்பாடு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலில் இருந்தபடி, இப்ப போனது எந்த பஸ் என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். நான் யன்னலருகே கதிரையில் இருந்து இலக்கத்தை வாசிப்பேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பிழையாக வாசித்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் முதலில் என் பார்வையைத்தான் சந்தேகித்தேன். சுவர் நான்கு துண்டுகளாக வாசல் நடையில் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் இலக்கம். விற்றவர் என் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒல்லாந்துச் சுவர் அண்ணை. முழுக்க ஸ்குரூதான். பத்து நிமிசத்திலை கழண்டிட்டுது."

"இப்பிடிக் கட்டச் சொன்னது ஆர்?"

"அக்கா அண்டைக்கே வாசலிலை சொன்னவ."

அவர் போன பிறகு நான் மேசையில் இருந்து தாளை எடுத்தேன். உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டியது என் கடமை. லீஸ் பத்திரத்தில் அதைச் சொல்லும் பிரிவின் இலக்கமும் எனக்கு மனப்பாடம். மனைவி அடுப்படியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு என்னையும் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, இந்தமுறை என்னைக் கேட்டுப்போட்டு எழுதுங்கோ."

"எழுதட்டோ?"

"வேண்டாம்."

பேனையை மூடினேன். எழுத வேண்டுமென்று தெரிந்தும் நான் எழுதாமல் விட்ட முதல் கடிதம் அதுதான். நான்கு துண்டுகளையும் இலக்க வரிசைப்படி கட்டிலுக்குக் கீழே அடுக்கினேன். அதற்குப் பிறகு வாசல் மணி அடித்தபோதெல்லாம், அந்தக் காலத்தில் நான் மணி அடித்த வீட்டுக்காரர்கள் ஏன் அவ்வளவு தாமதமாகக் கதவைத் திறந்தார்கள் என்பது விளங்கியது.

சில நாள் கழித்து ஒரு காலையில் மனைவி ஆடிக்கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். தபால்காரன் வாறான் என்று அடுப்படியில் இருந்தே சொன்னார். கதவுத் துவாரத்தால் கடித உறை விழுந்தது அதற்குப் பிறகுதான். ஒரு பக்கக் கடிதம். என் கடிதத்தின் திகதியையும் அந்த நீண்ட இலக்கத்தையும் குறிப்பிட்டு, முன்னறைக்கும் குசினிக்கும் நடுவிலுள்ள சுவரை அகற்றச் சம்மதம் தெரிவித்திருந்தார்கள். தகுந்த தொழிலாளி ஒருவரைக் கொண்டு, பகல் வேளையில் மட்டும் அகற்ற வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் நாங்கள் ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தோம். கடைசி வரியில், சம்மதம் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்காமல் பொறுமையுடன் காத்திருந்தமைக்கு நன்றி கூறியிருந்தார்கள். அதை மனைவிக்கு வாசித்துக் காட்டிவிட்டு, எந்தப் பதிலையும் கடிதக் கோவையில் இடுமுன் செய்கிற வழக்கப்படி, கிடைத்த நாளை மூலையில் குறித்தேன்: ஆடிப்பிறப்பு.