ஒரு பிடி கம்பு

"வாரேன் தாயி, வாரேன்" என்று இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டுத்தான் சத்தியபாமா அந்தக் கதவைத் திறப்பார். உள்ளே இருப்பவை நாற்பத்தெட்டு வெள்ளெலிகளும் ஆறு முயல்களும். பதில் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்டதும் கூண்டுகளுக்குள் மரத்தூள் சலசலக்கும். கம்பிகளின் இடைவெளியில் மூக்குகள் நீளும். "சொல்லாமக் கொள்ளாம உள்ள போனா அதுகளுக்கு நெஞ்சு பதறிரும். நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் திடுதிப்புனு நொழைஞ்சா நமக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பார்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு செல்லும் சாலையில், பருத்திக் காடுகளுக்கு நடுவே, தனியார் மருந்தியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்குள்ள விலங்கு அறையைப் பதினோர் ஆண்டுகளாகக் கவனித்துவருபவர் சத்தியபாமா. வயது ஐம்பத்திரண்டு. படிப்பு எட்டாம் வகுப்பு. மாணவர் முதல் முதல்வர் வரை பலருக்கு அவர் பாமாக்கா. இடைசெவல் பக்கத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிக் குடும்பம். கணவர் நந்தகோபால் இன்றும் அறுபது செம்மறிகளை மேய்க்கிறார். "எலிக்கு ஏசி ரூமு, எனக்கு வேப்ப மரமா?" என்று அவர் கேட்டால், "உமக்கும் வேணும்னா வாரும், ஒரு கூண்டு காலியாத்தான் கெடக்கு" என்பது இவருடைய மறுமொழி.

காலை எட்டு மணிக்குப் பேருந்தை விட்டு இறங்குவார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு இரண்டு பாதங்களையும் கனக்கச் செய்துவிடும். வாசலில் குச்சியால் அதைச் சுரண்டுவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கல்லூரிக் குளியலறையில் தலை முதல் கால் வரை குளிப்பார். பிறகு நீல அங்கி, முகக்கவசம், அந்த அறைக்கென்றே வைத்திருக்கும் ரப்பர்ச் செருப்பு. வீட்டில் குளித்துவிட்டு வந்தவர் மறுபடியும் ஏன் குளிக்கிறார் என்று புதிய மாணவர்கள் கேட்பதுண்டு. "எங்க பட்டியில கெடக்குத நோவெல்லாம் என் சேலையில ஒட்டிக்கிட்டு வரும் தம்பி. அங்கன ஆடு தாங்கிரும். இங்கன இதுக தாங்காது."

கூண்டுகளைக் கழுவி முடிக்கும்போது அவருடைய கைகள் சில்லிட்டுப் போயிருக்கும். எலியைத் தூக்குவதற்கு முன்பு உள்ளங்கைகளை மூன்று முறை பரபரவென்று தேய்ப்பார். சூடு ஏறிய கைகளில் மெல்லிய கையுறையை மாட்டுவார். அதன் பிறகே அடிவயிற்றின் கீழ் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குவார். வாலைப் பிடித்துத் தூக்கும் மாணவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஏலே, ஒன்னயக் காதப் புடிச்சுத் தூக்கினா சும்மா இருப்பியா?" சித்திரை வெயிலில் மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் மக்கர் செய்தால், சாக்குகளை நனைத்துச் சன்னல்களில் தொங்கவிட்டு, அட்டையால் விசிறிக்கொண்டு நிற்பார். விசிறுவது தமக்கன்று.

எலிகளுக்கு அவர் பெயர் வைப்பதில்லை. விற்கப்போகும் கிடாய்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது பிறந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம். கூண்டுக்கு ஆறு எலிகள். ஐந்தின் வெள்ளை உடம்பில் தலை, கழுத்து, முதுகு, இடுப்பு, வால் என ஆளுக்கோர் இடத்தில் மஞ்சள் சாயம் தடவி அடையாளம் இடுவார்கள். ஆறாவது எலிக்கு அடையாளம் இராது. "தலை இன்னைக்கு நல்லாத் தண்ணி குடிச்சிருக்கா", "வாலு இருக்காளே, பெரிய சண்டைக்காரி" என்று அந்த இடங்களையே அவர் பெயராக்கிக்கொண்டார். அடையாளம் இல்லாதவள் 'ஒண்ணுமில்லாதவ'.

அந்தச் சாயம் பிக்ரிக் அமிலம். நீர் வற்றி உலர்ந்துபோனால் வெடிக்கக்கூடியது. சத்தியபாமா எட்டு ஆண்டுகள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். காய்ந்த தீக்குச்சி மருந்தின் குணத்தை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமைதோறும் அந்தப் புட்டியை வெளிச்சத்தில் பார்த்து, தூளுக்கு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்வார். ஒருநாள், மூடியின் விளிம்பில் மஞ்சள் பொருக்குக் கட்டியிருந்த பழைய புட்டி ஒன்றை மாணவர் ஒருவர் திருகப் போனார். "தம்பி, கைய எடு! அப்படியே பின்னால வா!" என்று அதட்டி, அறையைப் பூட்டிவிட்டு ஆசிரியரை அழைத்துவந்தார். பிறகு அந்த மாணவரிடம், "தீப்பெட்டி ஆபீஸ்ல வெரலு போனவிய நாலு பேர எனக்குத் தெரியும். எழுதுத கை ஒனக்கு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

இத்தனை கவனமுள்ளவர் ஒரு முறை தவறினார். அதை மறைக்காமல் அவரே சொல்வார்.

பட்டியில் அடைபட்ட உயிர் பசித்திருக்கும்போது வீட்டில் யாரும் தட்டின் முன் உட்காரக் கூடாது. காய்ச்சலில் கிடந்தாலும் ஆட்டுக்கு ஒரு கட்டுக் குழை வெட்டிப் போட்ட பிறகுதான் கஞ்சி. அப்படி வளர்ந்தவர் அவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரியில் சர்க்கரை நோய்க்கான மூலிகைச் சாறு ஒன்றை ஆராய்ந்தார்கள். இரத்தம் எடுப்பதற்கு முந்தைய மாலையே தீவனத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் வைக்கலாம். ஐந்து மணிக்குத் தீவனத்தை எடுத்த சத்தியபாமா, ஆறு எலிகளும் வெறும் கம்பியை முகர்ந்து முகர்ந்து பார்ப்பதைக் கண்டார். தோழிக்குக் கொடுக்கவென்று கொண்டுவந்த புதுக் கம்பு வெளியே பையில் இருந்தது. ஒரு பிடி எடுத்துவந்து தூவிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சர்க்கரை அளவுகள் தாறுமாறாக இருந்தன. எவருக்கும் காரணம் புரியவில்லை. பொறுப்பாசிரியர் சௌந்தரபாண்டியன் மரத்தூளைக் கிளறி, கம்பின் உமியை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். சத்தியபாமா தாமாகவே ஒப்புக்கொண்டார். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. "இந்த ஆறு எலியும் பட்ட பாடு வீண், பாமா. இனி வேற ஆறுக்கு மொதல்ல இருந்து சக்கரை வரவைக்க ஊசி போடணும்" என்று மட்டும் சொன்னார்.

"அவிய திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு" என்கிறார் சத்தியபாமா. "நான் போட்ட ஒரு பிடி கம்புக்கு ஆறு உசுரு கூடுதலாக் கஷ்டப்பட்டுச்சு."

அந்த வாரமே கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். மாணவர்கள் வாரத்திற்கு ஒரு முறை எலிகளின் எடையைப் பார்ப்பார்கள். அவர் ஒவ்வொரு நாளும் பார்த்தார். எலி தராசில் அசையாமல் நிற்கும் வரை தாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, எண்ணைக் குண்டு குண்டாக எழுதினார். தீவனம் நிறுத்த வேண்டிய நாள்களில் ஒரு பருக்கையும் விடாமல் துடைத்தெடுத்தார். அன்று தாமும் உண்பதில்லை. மறுநாள் அவற்றிற்குத் தீவனம் வைத்த பிறகே தம் தூக்குச்சட்டியைத் திறப்பார்.

சென்ற மாதம் அந்த நோட்டுக்கு வேலை வந்தது. முதுநிலை மாணவர் செண்பகராஜ், மூட்டு வீக்கத்திற்கான மருந்து ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது இருபத்தொரு நாள் ஆய்வு. பதினேழாம் நாள் காலையில், "வாரேன் தாயி" என்ற குரலுக்கு அந்தக் கூண்டிலிருந்து ஐந்து மூக்குகளே நீண்டன. ஒண்ணுமில்லாதவள் மூலையில் கூனிக் கிடந்தாள். மயிர் சிலிர்த்திருந்தது, கண்ணோரத்தில் செந்நிறப் பொருக்கு.

"தம்பி, இவளுக்குப் போதும். கோவில்பட்டி டாக்டரம்மாவ வரச் சொல்லு."

"இன்னும் நாலே நாளுதான்க்கா. இவ போயிட்டா குரூப்புல அஞ்சுதான் நிக்கும். என் தீசிஸத் தூக்கி மூஞ்சியில எறிவாக."

"நாலு நாளு ஒனக்குத்தான் நாலு நாளு. அவளுக்கு?"

செண்பகராஜ் சிரித்தார். "நீங்க எரக்கப்பட்ட கதைதான் காலேஜுக்கே தெரியுமேக்கா! இப்பவும் மடியில கம்பு கிம்பு முடிஞ்சு வச்சிருக்கியளா?"

சத்தியபாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் வாய்ச்சொல் அந்த அறையில் செல்லாது. செல்லாமற்போனால் அந்த எலி இன்னும் நான்கு நாள் அப்படியே கிடக்க வேண்டும். அவர் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துவந்து, செண்பகராஜின் முன்னால் விரித்து வைத்தார்.

"இது எரக்கம் இல்ல தம்பி. எடை. வாசிச்சுப் பாரு."

முதல் நாள் இருநூற்று நான்கு கிராம். பதினான்காம் நாள் நூற்று எழுபத்தெட்டு. செண்பகராஜுக்குத் தெரிந்தது அதுவரைதான். அதன் பிறகு நூற்று எழுபத்திரண்டு, நூற்று அறுபத்தாறு, அன்று காலையில் நூற்று அறுபது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்தால் அந்த எலியை மேலும் துன்புறவிடாமல் அன்றே வலியின்றி உயிர் பிரியச் செய்துவிட வேண்டும் என்பது, ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் விதி. அந்த அனுமதித் தாளின் அடியில் செண்பகராஜின் கையெழுத்து இருந்தது.

அவர் எலியைத் தாமே தராசில் வைத்துப் பார்த்தார். நூற்று அறுபது. "நான் பாக்காமப் போயிட்டேன்க்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சௌந்தரபாண்டியனைத் தேடிப் போனார்.

கோவில்பட்டியிலிருந்து கால்நடை மருத்துவர் யோகலட்சுமி நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டார். ஊசியை ஆயத்தம் செய்துகொண்டிருந்தவரிடம் சத்தியபாமா ஒன்றே ஒன்று கேட்டார்.

"டாக்டரம்மா, இவளுக்குப் பதிலா வேற ஒண்ண எடுப்பியளா?"

கேட்டுவிட்டு, மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. நடந்தத நடந்தபடி எழுதிட்டா அஞ்சே போதும். கம்பு விழுந்த அன்னைக்கு மாதிரி தப்பான கணக்கு இல்லையே இது."

சத்தியபாமா கையை விளிம்பிலிருந்து எடுத்தார். செண்பகராஜ் நோட்டைத் தம் பக்கம் இழுத்து, அந்த எண்களைத் தம் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார்.

ஊசி போடும்போது ஒண்ணுமில்லாதவளைச் சத்தியபாமாவே பிடித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் மருத்துவர் அவளைத் துணியின் மேல் கிடத்தச் சொல்லி, நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். இனி அந்த உடலை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் இட வேண்டும். "நான் வைக்கட்டுமாக்கா?" என்று செண்பகராஜ் எழுந்துவந்தார்.

சத்தியபாமா வேண்டாம் என்று தலையசைத்தார். பழைய கையுறைகளைக் கழற்றினார். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று மூன்று முறை பரபரவென்று தேய்த்தார். புதிய கையுறைகளை மாட்டிக்கொண்டு, அசைவற்ற அந்த அடிவயிற்றின் கீழே மெதுவாகக் கையைக் கொடுத்துத் தூக்கினார்.