மறுபக்கம் பிடிக்க ஒரு கை

இன்று காலை எங்கள் பழைய பைக்கின் பின்பக்கப் பிரேக்கைக் கழற்ற உட்கார்ந்தேன். துருப்பிடித்த ஒரு போல்ட் வரவே இல்லை. நட்டைத் திருகினால் அதுவும் கூடவே சுற்றுகிறது.

நாளை என் மனைவியைப் பட்டுக்கோட்டைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். பிரேக் இல்லாத வண்டியை மெக்கானிக் கடை வரைகூட ஓட்ட முடியாது.

போல்ட்டைப் படம் எடுத்து நம் ஊரின் இந்த வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பதில்கள் குவிந்தன. ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி நானே படித்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றவனுக்கு அது ஒரு சந்தோஷம்தான்.

டீசல் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். சுத்தியலால் தட்டச் சொன்னார்கள், தட்டினேன். அசையவில்லை.

குவைத்திலிருந்து மகன் அழைத்தான்.

"அத்தா, அந்தப் பக்கம் ஒரு ஸ்பேனரப் போட்டு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க. நீங்க இந்தப் பக்கம் திருகுங்க."

"யாரடா பிடிக்கச் சொல்றது? உங்கம்மா குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பக்கத்து வீட்டு ரபீக்?"

"மஸ்கட்ல இருக்கான்."

"எதிர்வீட்டு ஆரோக்கியம்?"

"டீசல் ஊத்தச் சொன்னதே அவன்தான். ஷார்ஜாவுலேர்ந்து."

பிறகு, "லீவுல வர்றப்ப நானே கழட்டித் தர்றேன் அத்தா" என்றான்.

"அதுவரைக்கும் நான் கட்டோடயே இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இனி, ஊரில் இருப்பவர்கள் மட்டும் பதில் போடுங்கள். ஸ்பேனர் என்னிடமே இரண்டு இருக்கிறது.