கோட்டுக்கு வெளியே ஓடியவர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த ஸ்டோவ்னரில், எங்கள் தமிழ் உதைபந்தாட்டக் குழுவில் அவர் மாற்று ஆட்டக்காரர். நரைக்கத் தொடங்கிய மீசை, முழங்காலில் எப்போதும் ஒரு பட்டி. யாரும் அவரைக் களத்தில் இறக்கியதில்லை. ஆனாலும் ஆட்டம் தொடங்கியதும் எழும்பி, எல்லைக்கோட்டுக்கு வெளியே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பார்.

“உங்களை இறக்கவே மாட்டாங்கள். பிறகேன் அண்ணை ஓடுறியள்?” என்று கேட்டேன்.

“நான் ஓடுறதைக் கண்டால்தான் முன்னுக்கு விளையாடுறவன் தன்ர இடம் போயிடும் எண்டு பயந்து ஓடுவான். அதுதான் தம்பி என்ர வேலை.”

அந்த முன்னாட்டக்காரன் கால் முறிந்து வெளியேறிய அன்று, அவர் குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்து நின்றார். பயிற்சியாளர் பின்வரிசையில் நின்ற ஒருவனை முன்னுக்கு அனுப்பினார். அடுத்த கிழமை பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து புதிதாக ஒருவனைக் கூட்டிவந்தார்.

அன்றும் அவர் எழும்பி ஓடினார். புதியவன் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவர் கவனித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.