கோட்டு தொங்கிய ஊசி

என் கொழுந்தனுக்குத் தொழிற்சாலையில் "ஊசி" என்று பெயர். யார் வைத்தார்களோ, அவர் வாயில் சர்க்கரை போடலாம். அவன் வேலையும் ஊசி, பேச்சும் ஊசி. நான் அதே தொழிற்சாலையின் கருவி அறையில் ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஸ்பானரும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிறவள். வீட்டில் அவனுக்குச் சாப்பாடு போடுகிறவளும் நான்தான். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் ஃபிரிட்ஜ் கதவுக்கு முகப்புக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். ஒரு ஆள் கதவுச் சட்டத்தைத் தூக்கி மேஜையில் வைத்து, ஓரத்தில் இருக்கும் இரும்புக் கட்டைகளில் முட்டும்வரை தள்ளுவார். பிறகு மஞ்சள் நிற ரோபோ கை இறங்கி வந்து சட்டத்தைச் சுற்றிப் பசைக் கோடு போடும். கோடு கொஞ்சம் விலகினாலும் போச்சு, பசை வெளியே பிதுங்கும், இல்லையென்றால் கண்ணாடி சரியாகப் பிடிக்காது.

ரோபோ தப்பே செய்யாது என்று வெளியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சொன்னதை அப்படியே செய்யும், அவ்வளவுதான். தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் தப்பையும் மணி மணியாகச் செய்யும். ஓடி ஓடி அதன் மூட்டுகள் தேயும், எங்காவது இடித்துக்கொள்ளும், கை இருக்கவேண்டிய இடத்திலிருந்து மெல்ல நகர்ந்துவிடும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் ஊசியின் வேலை. மேஜை மூலையில் ஒரு சின்னத் தூண், அதன் உச்சியில் ஒரு எஃகு ஊசி நிற்கும். ரோபோவின் கையிலும் ஒரு ஊசியை மாட்டி அதை மெதுவாக இறக்குவான். இரண்டு முனையும் மூக்கோடு மூக்கு வைத்தமாதிரி சந்தித்தால் கை சரி. சந்திக்காவிட்டால் கை விலகியிருக்கிறது என்று அர்த்தம், கணினியில் எண்களை மாற்றுவான். தூண் மட்டும் அசையவே கூடாது. எல்லா அளவும் அதை நம்பித்தான்.

அதனால் அந்தத் தூண் பக்கம் ஒரு ஈ காக்கையை விடமாட்டான். ஒருமுறை சூப்பர்வைசர் தெரியாமல் அதன் பக்கத்தில் டீ கப்பை வைத்துவிட்டார். "சார், இது அளவு பாக்குற இடம், டீக்கடை இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். வீட்டிலும் இதே கதைதான். சுவரில் படம் கோணலாக இருந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய் நிமிர்த்துவான். "இவனுக்குப் பொண்ணு பாத்தா, அவ நேரா நிக்கிறாளான்னு அளந்துட்டுத்தான் பேரையே கேப்பான்" என்பார் என் வீட்டுக்காரர். அதனாலோ என்னவோ, நாற்பதைத் தாண்டியும் எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறான்.

மேஜையில் சட்டம் வைக்கிற வேலை சுருட்டைக்கு. முடி சுருள் சுருளாக இருப்பதால் அந்தப் பெயர். தற்காலிகமாகச் சேர்ந்தவள், அந்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் சட்டத்தை வைத்து ஒரே தள்ளு தள்ளுவாள், "டொக்" என்று கட்டையில் முட்டும், கை எடுத்துவிடுவாள். என் ஜன்னலுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். நாள் முழுக்க டொக், டொக் என்று, ஒன்றுக்கொன்று இம்மி பிசகாது.

ஒரு நாள் காலை பசைக் கோடு விலக ஆரம்பித்தது. கண்ணாடிகள் ஒவ்வொன்றாகச் சோதனையில் தேறாமல் திரும்பி வந்து சுவரோரம் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. சூப்பர்வைசர் ஊசியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கை சரியா இருக்கு சார். காலையில கொஞ்சம் விலகியிருந்துச்சு, நானே திருத்திட்டேன்" என்றான் ஊசி. பிறகு சுருட்டையின் பக்கம் திரும்பினான். "சட்டத்த முழுசா தள்ளுறியா, இல்ல கனவு கண்டுட்டு நிக்கிறியா? கை எங்கயோ, கண்ணு எங்கயோ!"

"தள்ளுறேண்ணே. முட்டுற சத்தம் வருதுல்ல?" என்றாள் அவள்.

"சத்தத்த வெச்சு அளக்க முடியாது. மெஷின் பொய் சொல்லாது, மனுசங்கதான் சொல்லுவாங்க."

இது முழுத் தளத்துக்கும் கேட்டது. அவள் காது வரைக்கும் சிவந்துபோனாள். மதியத்துக்குள் அவளைப் பேக்கிங் பக்கம் அனுப்பிவிட்டு வேறொரு ஆளை மேஜையில் நிறுத்தினார்கள். நிரந்தரமாக்குவதைப் பற்றி வாரக் கடைசியில் யோசிக்கலாம் என்றார் சூப்பர்வைசர். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

புது ஆள் வைத்தபோதும் கோடு விலகித்தான் வந்தது. புதுசு, கை பழகவில்லை என்றார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது. ஊசி காலையில் கழற்றி மாட்டியிருந்த தன் மேல்கோட்டை எடுக்கப் போனான்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவன் கோட்டைத் தினமும் எங்கே மாட்டுவான் தெரியுமா? அந்தத் தூணில், ஊசிக்குக் கீழே தூணை இறுக்கிப் பிடித்திருக்கும் திருகில். யாரும் கிட்டப் போகாத இடம் ஆதலால் தூசி படாது, காணாமல் போகாது. ஊருக்கெல்லாம் வேலி போட்டவன் உள்ளே தன் துணியைக் காயப்போட்டிருக்கிறான். நாங்கள் தினமும் பார்த்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. சரியாகச் சொன்னால், அவன் செய்தால் அதில் தப்பிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கோட்டுப் பையில் அவன் சைக்கிளைப் பூட்டுகிற சங்கிலி இருந்தது, நல்ல கனம். வெடுக்கென்று இழுத்தான். தூண் "கிறீச்" என்று முனகிச் சாய்ந்து நின்றது. கோட்டைக் கையில் பிடித்தபடி அவன் அப்படியே நின்றதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. திருகு எப்போதோ தளர்ந்திருக்கிறது. கை விலகவே இல்லை, தூண்தான் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தூணை நம்பி, சரியாக இருந்த கையை இவன்தான் கெடுத்திருக்கிறான்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தூணை நிமிர்த்தி, திருகை இறுக்கி, பழைய எண்களைக் கொண்டுவந்தான். மதியத்துக்கு மேல் பசைக் கோடு அச்சில் வார்த்தமாதிரி வந்தது. சூப்பர்வைசர் புது ஆளின் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, ஆள மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சு!"

ஊசி பக்கத்திலேயே இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை.

"மத்தியானம் கோட்ட இழுத்தியே, அதப் பத்தியா?" என்று கேட்டேன்.

தலை குனிந்தபடியே எல்லாம் சொன்னான். சொல்லும்போது கழுத்து வரை சிவந்திருந்தது. "நான் சரிபண்ணினதே அவளுக்கு எதிரா சாட்சியாயிடுச்சு அண்ணி. அவ இருந்தப்ப கெட்டது, போனதும் நல்லாயிடுச்சு. இப்ப நான் சும்மா இருந்தாலே போதும், அவ வேலை போயிடும். சொல்லவும் வாய் வரல, அவ்வளவு கேவலமா இருக்கு. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த மேஜைகிட்ட நிப்பேன்?"

எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டுப் பிள்ளையாயிற்றே. ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. "அவள திட்டும்போது ஊருக்கே கேக்குற மாதிரி திட்டினல்ல? சொல்லும்போதும் அதே சத்தத்துல சொல்லு. மூலையில கூப்பிட்டு முணுமுணுத்துட்டு வந்தா, இந்த வீட்டுல உனக்குச் சாப்பாடு கிடையாது" என்றேன்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடி நிற்கிற இடத்தில் அவன் முன்னால் வந்தான். கோட்டையும் சங்கிலியையும் கையில் வைத்திருந்தான். "நேத்து கெட்டதெல்லாம் என்னால. தூண்ல இத மாட்டி மாட்டி நான்தான் சாய்ச்சேன். சுருட்டை வெச்சது ஒண்ணுகூட தப்பில்ல. மதியமே தெரியும், சொல்லாம இருந்தேன்." குரல் பாதியில் உடைந்தது, ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் அவனைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கு வாங்கென்று வாங்கினார். சுருட்டையை அன்றே மேஜைக்குத் திருப்பி அனுப்பினார்கள், வாரக் கடைசியில் நிரந்தரமும் ஆக்கினார்கள்.

அவன் அவளிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டான். என் ஜன்னலுக்கு எதிரேதான்.

"விடுங்கண்ணே, வேலைதான் திரும்பி வந்துடுச்சே" என்றாள் அவள். கையுறையை மாட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஆனா நீங்க சொன்னதும் நானே நம்பிட்டேன். உங்களுக்குத் தெரியாததா, நம்ம கைதான் சரியில்ல போலன்னு. ராத்திரி வீட்டுக் கதவச் சாத்திட்டு, சாத்தினேனான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தேன்."



இப்போது அவன் கோட்டு என் கருவி அறை ஆணியில் தொங்குகிறது. காலையில் அதை மாட்ட வரும்போது ஒரு நிமிடம் ஜன்னலருகே நின்று மேஜைப் பக்கம் காது கொடுப்பான். சுருட்டை சட்டத்தை வைத்துத் தள்ளுவாள். டொக். கையை எடுக்கப் போவாள், எடுக்கமாட்டாள், சட்டத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து இன்னொரு முறை தள்ளிப் பார்ப்பாள். டொக். இரண்டாவது டொக் கேட்கிற ஒவ்வொரு முறையும் என் கொழுந்தன் தலையைக் குனிந்துகொள்கிறான்.