கோயில் இல்லாத மலைக்கு ஒரு யாத்திரை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ரயிலேறி, நகரத்துக்குள் ஒருமுறை மாறி, பிறகு தெற்குப் பக்கமாகப் போனால் திராட்சைத் தோட்டங்கள் வரும். சின்ன ஸ்டேஷனில் இறங்கி, தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணித்தியாலம் ஏறினால் மலை உச்சியில் பழைய கோட்டை ஒன்று. என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் ஒருத்தி சொல்லித்தான் அந்த இடம் எனக்குத் தெரியும். கோடையில் தனியாகப் போய் வந்திருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்தவுடன் இவள் இப்படித் திரிகிறாள் என்று எங்கள் ஆட்கள் பின்னால் பேசினார்கள். பேசட்டும். என் கால், என் டிக்கெட்.

இந்த முறை என் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன். அவளுடைய புருஷன் மாசி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவளும் அவருடைய தாயாரும் மட்டும். எங்கள் கத்தோலிக்க ஆட்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. ஆண்டுப் பூசை முடியும்வரை விதவையானவள் வேலைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். அதைத் தாண்டி எங்கே போனாலும் ஊர் வாய் திறக்கும். ஆடி மாதம் ஒருநாள் மரக்கறிக் கடையில் என்னைக் கண்டவள், கையில் கத்தரிக்காயை வைத்துக்கொண்டே, "அக்கா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

சனிக்கிழமை என்னோடு வெளிக்கிடு என்றேன். முகம் மலர்ந்து, உடனே வாடிவிட்டது. மாமியிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். மகன் போன பிறகு மாமி அதிகம் பேசுவதில்லையாம். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவாராம். கனடாவில் இருக்கும் மகள் தினமும் போனில் வரச்சொல்லிக் கூப்பிடுகிறாளாம். மாமியின் மனம் கோணினால் அடுத்த பிளேனில் போய்விடுவார், பிறகு அந்த வீட்டில் நான் சுவரோடுதான் பேச வேண்டும் என்றாள்.

அதை என்னிடம் விடு என்று சொல்லி, அன்றைக்கே மாமிக்குப் போன் எடுத்தேன். மலைமேல் பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது, உங்கள் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறேன் என்றேன். பச்சைப் பொய். கூசாமல் சொன்னேன். எப்போது போகிறீர்கள் என்று மாமி கேட்டார். பிறகு, "நானும் வாறன், பிள்ளை" என்றார்.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் சனத்திடம் மலையேறப் போகிறோம் என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். மாதாவிடம் போகிறோம் என்றால் முழங்கால் வலிக்காரர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் மாமி மருமகளோடு எனக்கு முன்பே வந்து நின்றார். வெள்ளைச் சேலை, அதற்கு மேல் கார்டிகன், காலில் ஸ்னீக்கர். பையில் ஒரு கட்டு மெழுகுதிரி, தீர்த்தத்துக்கு வெறும் போத்தல், யாத்திரைக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்க ஒரு பெரிய பெட்டி நிறைய அவித்த கடலை. சிநேகிதி என்னைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தாள். நான் அசரவில்லை. கோட்டை என்றால் உள்ளே ஒரு சிற்றாலயம் இல்லாமலா போகும்? அந்தக் காலத்துப் பிரபுக்கள் செபம் சொல்லாமல் சாப்பிட்டிருக்கவே மாட்டார்கள். ஒரு மாதாவைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்று அவள் காதில் சொன்னேன்.

வெயில் நன்றாக எறித்தது. கொடிகள் நெஞ்சளவு உயரத்தில் கம்பிகளில் வரிசையாக நின்றன. காய்கள் பச்சைப் பட்டாணி அளவுதான். மாமி ஒரு இலையைத் தடவிப் பார்த்து, யாழ்ப்பாணத்தில் பந்தலில் அல்லவா விடுவோம், இவர்கள் என்ன வேலிக்கு நட்டதுபோல் நட்டிருக்கிறார்கள் என்று குறை சொன்னார். தோட்டத்தின் எல்லையில் வேலியைத் தாண்ட ஒரு மரப்படி இருந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி மருமகளிடம் கையை நீட்டினார். தாண்டிய பிறகும் அந்தக் கையை விடவில்லை.

பிறகு செபமாலையை எடுத்தார். அவர் முன்பாதியைச் சொல்ல, நாங்கள் பின்பாதியைச் சொல்லிக்கொண்டு ஏறினோம். எதிரே ஊன்றுகோலும் தொப்பியுமாக இறங்கி வந்த வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மாமி அவர்களை மறித்து மறித்து ஆளுக்கொரு கை கடலை கொடுத்தார். ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு சோடி திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டது. பாதி வழியிலேயே பெட்டி காலி.

உச்சியில் கோட்டை என்று மிஞ்சியிருந்தது மூன்று சுவரும் கூரையில்லாத ஒரு கோபுரமும்தான். இருவரையும் மரநிழலில் ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் ஓடினேன். சிற்றாலயம் ஒரு காலத்தில் இருந்ததாம். அந்த இடத்தில்தான் இப்போது ஒயின் ருசி பார்க்க மேசைகள் போட்டிருக்கிறார்களாம்.  கோயில் இன்றைக்குப் பூட்டு என்று சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்துத் திரும்பி வந்தேன்.

நான் வாய் திறப்பதற்குள் சிநேகிதி முந்திவிட்டாள்.

"மாமி, இஞ்சை கோயில் இல்லை. அக்காவிலை பிழை இல்லை. வீட்டுக்குள்ளை இருக்க ஏலாமல் நான்தான் வெளிக்கிட்டனான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாமி கீழே தெரிந்த தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கோயில் இல்லையெண்டு போனை வைக்கேக்கையே எனக்குத் தெரியும். இந்த நாட்டிலை நான் போகாத மாதா கோயில் எங்கை கிடக்கு?"

அப்படியானால் கடலை எதற்கு, மெழுகுதிரி எதற்கு என்று நான் கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது.

"உங்களுக்கு வெளிக்கிட ஒரு சாட்டு வேணுமெண்டால் எனக்கும் வேணுமெல்லே, பிள்ளை."

மகனைப் பறிகொடுத்தவரும் அத்தனை மாதமாக அதே சுவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் மூச்சு முட்டியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

மாமி மருமகளின் பக்கம் திரும்பினார். "அவன் போனாப் பிறகு நீ என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. என்னைக் கனடாவுக்கு அனுப்பத்தான் யோசிக்கிறாய் எண்டு நினைச்சன்."

"நீங்கள்தான் போகப்போறியள் எண்டு நான்..." அவளால் முடிக்க முடியவில்லை. புருஷனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட அவள் அப்படி அழுது நான் காணவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாமி சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"நான் ஒரிடமும் போகமாட்டன். நீயும் என்னை வீட்டிலை விட்டிட்டு உலாத்தப் போகாதை."