பின்வரிசை முகத்தில் ஒரு பரிசோதனை

1. இடமில்லை

எங்கள் ஆவணக் காப்பகத்தின் சேமிப்புக் கணினியில் இடம் முடிகிறது என்ற சிவப்புக் கோடு விழுந்த காலை, எங்கள் பொறுப்பாளர் என் மேசைக்கு வந்தார். பண்டத்தரிப்பில் மூடப்பட்ட ஒரு ஸ்ரூடியோவின், பூஞ்சை பிடித்து அழிந்துகொண்டிருந்த நெகற்றிவ்களை நாங்கள் ஸ்கான் செய்துகொண்டிருந்தோம். எல்லாம் டிஃப் கோப்புகள். ஸ்கானர் கண்ட அத்தனையையும் அப்படியே வைத்திருப்பதால் பெரியவை. புதிய ஹாட் டிஸ்க் வாங்க அடுத்த வருட நிதி வரவேண்டும்.

“எல்லாத்தையும் ஜேபெக் ஆக்கிப்போட்டு டிஃபைத் தூக்கிவிடும் பிள்ளை. வெள்ளிக்கிழமைக்கிடையில முடியவேணும்.”

“சேர், கண்ணுக்குத் தேவையில்லை எண்டு நினைக்கிறதை ஜேபெக் எறிஞ்சுபோடும். திருப்பி எடுக்கேலாது. இழப்பில்லாத சுருக்கம் இருக்கு, அதில செய்வம்.”

“அது எவ்வளவு குறைக்கும்?”

“அரைவாசி.”

“ஜேபெக்?”

“பத்தில ஒண்டுக்கும் கீழ.”

“பிறகென்ன கதை? ரெண்டு விதமாயும் செய்து காட்டும். வித்தியாசம் கண்டால் நான் உம்மடை கட்சி.”

இரண்டு படங்களையும் திரையில் அருகருகே முழுதாக வைத்தேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வெள்ளிவரை டிஃபை அழிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜேபெக் பிரதிகளைத் தயாரிக்கத் தொடங்கினேன்.

2. ரஹீமா அன்ரி

வியாழக்கிழமை ஒரு பெண் வந்தார். பெயர் ரஹீமா. அவருடைய வாப்பா யாழ்ப்பாணப் பட்டினத்தில் தையற்காரர். தொண்ணூறில் முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது ஒரு படமும் அவர்கள் கையோடு போகவில்லை. வாப்பா புத்தளத்தில் காலமானார். அவர் கோட் தைத்துக் கொடுத்த ஒரு மாப்பிள்ளையின் கலியாணக் குறூப் படத்தில் அவரும் நின்றதாக அந்த வீட்டார் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய பிரதியும் இடப்பெயர்வில் போய்விட்டது; எடுத்தது இந்தப் பண்டத்தரிப்பு ஸ்ரூடியோ என்பது மட்டும் நினைவிருந்தது.

“முகம் மறந்துபோகுது மகள். அதுதான் வந்தனான்.”

மாப்பிள்ளையின் பெயரைக் கொண்டு தேடிப் பிடித்தோம். தேவாலய முகப்பின் நிழலில், கடைசி வரிசையில் தொப்பியோடு ஒருவர். பொறுப்பாளர் தன் கணினியில் ஜேபெக் பிரதியைத் திறந்து, பெரிதாக்கி, நிழலை வெளிச்சமாக்கினார். முகம் சதுரம் சதுரமாகக் கட்டி தட்டியது.

“இவரே?”

“தொப்பி போட்டு உப்பிடி ஆரை நிப்பாட்டினாலும் எங்கடை வாப்பா மாதிரித்தான் இருக்கும், தம்பி.”

நான் டிஃபைத் திறந்தேன். அதே இடம், அதே அளவு, அதே வெளிச்சம். மணல் தூவியதுபோல இருந்தாலும் கண்கள் இருந்தன. மற்ற எல்லாரும் கமராவைப் பார்க்க, அவர் மட்டும் முன்னால் நின்ற மாப்பிள்ளையின் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரஹீமா அன்ரி சிரித்துவிட்டார்.

“வாப்பாதான்! படம் எடுக்கேக்கையும் கோட்டுத் தோள்மூட்டு சரியா விழுந்திருக்கோ எண்டு பாக்கிறார். உம்மா கண்டிருந்தால் நல்லா ஏசியிருப்பா.”

பிறகு கதிரையைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்தார்.

“எவ்வளவு பெரிசா அடிக்கலாம் மகள்?”

“உள்ளங்கை அளவுக்கு, அன்ரி. அதுக்கு மேல உடையும்.”

“காணும் மகள், அது போதும்.”

3. என்ன செய்தோம்

அவரை வாசல்வரை விட்டுவிட்டு வந்த பொறுப்பாளர் கேட்டார்: “அண்டைக்கு ஏன் எனக்கு முழுப் படத்தைக் காட்டினீர்?”

நியாயமான கேள்வி. எங்கள் சனம் முழுப் படத்தைத் தேடி வருவதில்லை. ஒருவர் செத்தால், யாருடையதோ கலியாணப் படத்தின் மூலையில் நின்ற அவரை வெட்டிப் பெரிதாக்கித்தான் மாலை போடுகிறோம்.

இழப்பில்லாத சுருக்கத்திலேயே செய்தோம். ஒவ்வொன்றையும் சுருக்கி, மறுபடி விரித்து, டிஃபுடன் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டோம். ஒத்துவந்த பிறகுதான் டிஃபை அழித்தோம். போதாத இடத்துக்கு, அலுவலக விழா வீடியோக்களை எவ்வளவு வேண்டுமானாலும் நெரிக்கச் சொன்னார் பொறுப்பாளர். “நான் பேசுறதை ஒருத்தரும் பெரிசாக்கிப் பாக்கமாட்டினம்.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பரிசோதனைக்கு எடுக்கும் படத்தில் நடுவில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்க்காதீர்கள். மிக இருண்ட இடத்தில் நிற்கும் மிகச் சிறிய முகத்தைப் பெரிதாக்குங்கள். அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியாவிட்டால், அந்தச் சுருக்கம் வேண்டாம்.