முடிச்சில் தப்பில்லை

தம்பி பிறந்த அன்று அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. கடைக்குப் போய் ஹீலியம் அடைத்த நீல பலூன்களைக் கொத்தாக வாங்கி, காரின் பின்சீட்டில் திணித்துக்கொண்டு வந்தார். பீளமேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் விட்டதும் அவை கூரையில் போய் ஒட்டிக்கொண்டன. நாள் நிறையாமல் பிறந்ததால் தம்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகவும், அவன் வரும்வரை பலூன்கள் என் பொறுப்பு என்றும் சொன்னார். எனக்கு எட்டு வயது. பொறுப்பு என்ற சொல்லைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே பலூன்கள் இறங்கத் தொடங்கின. முடிச்சு சரியில்லை என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றையும் நூலால் இறுக்கி, மேலே டேப் ஒட்டினேன். டேப்பின் கனத்தில் அவை இன்னும் வேகமாக இறங்கின.

அந்த வாரம் முடியுமுன் தம்பி பெட்டிக்குள்ளேயே இறந்துபோனான். கோபியிலிருந்து அத்தை வந்தாள். ஏழாம் மாதத்தில் அம்மா அன்னூர்க் கல்யாணத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போனதால்தான் இப்படி ஆயிற்று என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மறுத்துப் பேசவில்லை.

அம்மா வெறுங்கையோடு வீடு வந்தபோது பலூன்கள் சுருங்கித் தரையில் கிடந்தன. ஒருவரும் அவற்றை அப்புறப்படுத்தவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை.

ஒரு மாலை, பலூன் ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மா படுத்திருந்த அறைக்குப் போனேன். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், எனக்குச் சரியாகக் கட்டத் தெரியாததால்தான் எல்லாம் இப்படி ஆகிவிட்டது என்று அழுதேன். அவர் மோட்டார் கம்பெனியில் இன்ஜினியர். என்னை மடியில் இருத்திக்கொண்டார்.

"உன்ற கட்டுல ஒண்ணும் தப்பில்ல கண்ணு. ரப்பர்ல கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்குது. இந்த வாயு அதைவிடப் பொடிசு. எத்தனை இறுக்கிக் கட்டுனாலும் அது வழியாப் போயிரும். ஆராலயும் நிறுத்த முடியாது."

அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஆரு மேலயும் தப்பில்லீங்களா?"

அப்பா பலூனை என் கையிலிருந்து வாங்கி, டேப்பை நகத்தால் மெல்ல உரிக்கத் தொடங்கினார். தப்பில்லை, அப்பா இப்போதுதானே சொன்னார் என்று நான்தான் பதில் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கேட்டது அப்பாவின் காதில் விழவில்லை என்று நினைத்தேன். இன்னொரு முறை கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கலாமே என்று அம்மா மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.